சிங்கப்பூர்ப் பூங்காக்களைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் எப்போது தொடங்கியது?

ஈசூனில் குடியிருக்கும் அன்பர் ஒருவரின் கேள்வி இது. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்களாம். "இங்கே இயற்கையும் கிடையாது, வரலாறும் கிடையாது, எல்லாம் 1965க்குப் பிறகு டூரிஸ்ட்டுக்காகக் கட்டி வைத்தது" என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்களாம். அது சரியா, பூங்கா, காடு, கோட்டை என்று பார்க்கப் போகும் வழக்கம் இந்த ஊரில் எப்போது ஆரம்பித்தது, பெரியவர்களை எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்டிருக்கிறார்.

சரியில்லை. சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்ப்பவன் நான். இதே பேச்சைப் பேருந்தில் ஓயாமல் கேட்கிறேன். இங்கே பெயர்பெற்ற பூங்காக்களில் பெரும்பாலானவை பயணிகளுக்காக உண்டாக்கப்பட்டவை அல்ல. ஒன்று பயிர் சோதனைக்கு ஒதுக்கிய நிலம், இன்னொன்று குடிதண்ணீருக்காகக் காத்த காடு, மற்றொன்று பீரங்கி வைத்த மேடு. பார்க்க வருபவர்கள் பிறகுதான் வந்தார்கள். அதுமட்டுமில்லை, உள்ளூர்க்காரர்கள் தங்கள் இடமாக எடுத்துக்கொண்டவைதான் நிலைத்து நிற்கின்றன. வெளியூர்க்காரரைக் கவரவேண்டும் என்றே ஜோடிக்கப்பட்ட இடங்கள் பல திணறிப்போயின. விதிவிலக்குகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் ஃபோர்ட் கேனிங் மலை. பிரிட்டிஷ் ஆட்சியை இந்த ஊருக்குக் கொண்டுவந்த ராஃபிள்ஸ் 1822இல் இங்கேதான் முதல் தாவரத் தோட்டத்தைப் போட்டார். கல்கத்தா தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய நத்தானியல் வாலிக் என்ற டென்மார்க்குக்காரர் அதற்கு யோசனை சொன்னவர். ஜாதிக்காய், கிராம்பு விளைந்தால் நல்ல காசு என்பதுதான் கணக்கு. பணம் ஒதுக்க மனமில்லாமல் 1829இல் மூடிவிட்டார்கள். பிறகு 1859இலிருந்து அந்த மேட்டில் கோட்டை கட்டினார்கள். இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த கேனிங் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. 1928இல் அங்கே நீர்த்தேக்கம் கட்டத் தோண்டியபோது ஜாவா பாணித் தங்க நகைகள் கிடைத்தன. 1984இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அகழாய்வு செய்ததில் 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் வந்தன. ராஃபிள்ஸ் வந்த பிறகுதான் இந்த ஊருக்கு வரலாறு என்று நினைப்பவர்களை நான் நேரே அந்த அகழாய்வுக் குழிக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிடுவேன். இன்றும் கூரை போட்டு அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

அதே மலைக்குள் ஒரு நிலவறை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15 காலையில் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவலும் மற்றத் தளபதிகளும் ஜப்பானியரிடம் சரணடைய முடிவெடுத்தது அங்கேதான். போருக்குப் பிறகு அது கவனிப்பாரில்லாமல் கிடந்தது, 1997இல்தான் மக்கள் பார்க்கத் திறந்தார்கள். மலைக்குக் கேனிங் பெயரோடு பூங்கா என்ற பட்டம் கிடைத்தது 1981இல். அன்று பிரதமராக இருந்த திரு லீ குவான் யூ அங்கே மரம் நட்டார். தோட்டம், கோட்டை, நீர்த்தேக்கம், நிலவறை, கடைசியில் பூங்கா. நான் சொன்ன வரிசை ஒரே மேட்டில் இருக்கிறது.

அடுத்தது பூமலை, அதாவது இன்றைய பொட்டானிக் கார்டன்ஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும். 1859இல் வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கம் ஒன்று தங்லினில் நிலம் வாங்கித் தொடங்கியது. வாம்போவா என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே என்ற சீன வணிகர்தான் அந்த நிலம் அமைய உதவினார். அவருக்குச் சிராங்கூன் சாலைப் பக்கம் சொந்தத் தோட்டமே இருந்தது. சீனப் புத்தாண்டுக்கு ஊர்மக்கள் எல்லாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆக, லிட்டில் இந்தியாவிலிருந்து சற்றுத் தள்ளி, இன்றைக்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே தோட்டம் பார்க்கப் போகிற கூட்டம் இருந்திருக்கிறது.

பூமலை ஆரம்பத்தில் சந்தா கட்டிய கனவான்களின் இடம். லாரன்ஸ் நிவன் என்பவர் வளைந்த பாதைகளையும் புல்வெளிகளையும் வகுத்தார். மேட்டின் மேல் ராணுவ பேண்டு வாத்தியம் வாசிக்கும், வண்டியில் வந்த துரைமார்கள் கேட்பார்கள். 1866இல் அன்னக்குளம் வெட்டினார்கள். 1868இல் கண்காணிப்பாளருக்குப் பெரிய வீடு கட்டினார்கள், சங்கம் கடனில் மாட்டிக்கொண்டது. 1874இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே உள்ளே ஒரு விலங்குக்கூடம் முளைத்தது. புலி, சிறுத்தை, காண்டாமிருகம்கூட இருந்தன. மக்களுக்குக் கொண்டாட்டம், கணக்குப் புத்தகத்துக்குத் திண்டாட்டம். தீனிச் செலவு தாளாமல் 1905இல் கடைசி விலங்குகளையும் விற்றுவிட்டார்கள்.

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து பிரேசில் ரப்பர்க் கன்றுகள் சில பூமலைக்கு வந்துசேர்ந்தன. 1888இல் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெலிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் தேற்றினார். தோட்டக்காரர்களைப் பார்த்தால் சட்டைப்பையில் ரப்பர் விதைகளைத் திணித்துவிடுவாராம். பைத்தியக்கார ரிட்லி என்று கேலி பேசினார்கள். மோட்டார் வாகனங்கள் பெருகி டயருக்கு ரப்பர் தேவைப்பட்டபோது கேலி பேசியவர்கள் காடுகளை அழித்து ரப்பர் நட்டார்கள். மலாயா முழுக்கப் பால்மரக் காடு. அந்தப் பால் வெட்டுவதற்குத்தான் தஞ்சாவூர், திருச்சி, சேலத்திலிருந்து நம்மவர்கள் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டார்கள். 2015 ஜூலை 4ஆம் தேதி யுனெஸ்கோ பூமலையை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தபோது காட்டிய காரணங்களில் இந்த ரப்பர் ஆராய்ச்சியும் ஒன்று. சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் யுனெஸ்கோ பட்டம் அது. தமிழ்க் குழுக்களோடு போகும்போது ஆர்க்கிட்டுக்கு முன்னால் ரப்பரைத்தான் சொல்வேன். தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர் என்று யாராவது ஒருவர் குழுவில் கட்டாயம் இருப்பார்.

வெளியூர்ப் பயணிகள் எப்போது வந்தார்கள்? சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தபிறகு ஐரோப்பாவுக்கும் சீனத்துக்கும் போகிற கப்பல்கள் எல்லாம் இங்கே நின்றன. கரி ஏற்றும் இடைவெளியில் பயணிகள் கரையிறங்கி வண்டி பிடித்துப் பூமலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 1880இல் ரிக்‌ஷா வந்தது, 1887இல் ராஃபிள்ஸ் ஹோட்டல் வந்தது. இன்று சாங்கியில் விமானம் மாறுகிற நேரத்தில் ஜுவல் அருவியைப் பார்த்துவிட்டுப் போகிறார்களே, அது புதுப்பழக்கமில்லை.

அரசு விருந்தினரின் வருகைக்கு இதைவிடப் பழைய சாட்சி ஒன்று சிங்கப்பூர் ஆற்றங்கரையில் எம்பிரஸ் பிளேசில் நிற்கிறது. இந்தியத் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு 1850 பிப்ரவரியில் இங்கே வந்துபோனதன் நினைவாக எழுப்பிய தூண் அது. பெரும்பாலோர் அதை ஒட்டி நடந்து அருங்காட்சியகத்துக்குப் போய்விடுவார்கள், தூணை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் நான்கு பக்கமும் நான்கு எழுத்தில் கல்வெட்டு: ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் மலாய்), தமிழ். தமிழ்ப் பக்கத்தைக் காட்டினால் ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிப்பார்கள். நான்கு மொழி அறிவிப்புப் பலகை சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வழக்கம் என்று நினைத்திருப்பவர்கள் அங்கே கொஞ்சம் அசந்துபோகிறார்கள்.

காட்டுக்கு வருவோம். புக்கிட் தீமா 163 மீட்டர் உயரம். சிங்கப்பூரின் எவரெஸ்ட் என்று நாங்கள் கிண்டல் செய்வோம், ஆனால் படியேறி முடிக்கும்போது சிரிப்பு வராது. 1840களிலேயே உச்சிக்குப் பாதை வெட்டிவிட்டார்கள். 1854இல் வந்த இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைப் பிடித்தார். புலிப் பயத்தையும் எழுதிவைத்தார். மிளகு, கேம்பியர் (தோல் பதனிட உதவும் செடி) தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களைப் புலி நாளுக்கு ஒருவராகக் கொல்கிறது என்பது அக்காலப் பேச்சு. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் கையில் துப்பாக்கி கொடுத்துப் புலி வேட்டைக்கும் அனுப்பினார்கள். நகரத்திலிருந்து அங்கே போகும் சாலையையே போட்டது அந்தக் கைதிகள்தான்.

கேம்பியர்க்காரர்கள் அடுப்பெரிக்கவும் நிலத்துக்காகவும் காட்டை மொட்டையடித்துவிட்டார்கள். பூமலைக் கண்காணிப்பாளர் நத்தானியல் கேண்ட்லி 1883இல் அறிக்கை கொடுத்தபிறகு மிச்சமிருந்ததைக் காப்புக்காடு ஆக்கினார்கள். சட்டப்படி இயற்கை வனப்பகுதி ஆனது 1951இல். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காடு தப்பியதற்கும் சுற்றுலா காரணமில்லை. குடிதண்ணீர்தான் காரணம். நகரத்துக்கு நல்ல தண்ணீர் வரட்டும் என்று 1857இல் சீன வணிகர் டான் கிம் செங் 13,000 வெள்ளி கொடுத்தார். 1860களின் இறுதியில் நீர்த்தேக்கம் தயாரானது. சுற்றிலும் மரம் இருந்தால்தான் தண்ணீர் நிற்கும், அதனால் கைவைக்காமல் விட்டார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஓடுகிறவர்களும், குரங்கைப் பார்த்துக் கூச்சலிடுகிறவர்களும் அந்தத் தண்ணீர்க் கணக்குக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

சும்மா பார்த்து மகிழ்வதற்கென்றே தனியார் ஒருவர் கட்டித் திறந்துவிட்ட இடம் என்றால் ஹாவ் பார் வில்லா. ரங்கூனில் பிறந்த புலி மார்க் தைலக்காரர் ஆவ் பூன் ஹாவ், தம்பிக்காக 1937இல் பாசிர் பாஞ்சாங்கில் கட்டினார். பொதுமக்களுக்கு நுழைவு இலவசம். நரகத்தின் பத்து நீதிமன்றங்களைச் சிமென்ட்டில் செய்து வைத்திருக்கிறார்கள். பொய் சொன்னவனுக்கு நாக்கறுப்பு, இன்னொருவனுக்கு இடுப்போடு ரம்பம். எங்கள் தலைமுறையில் பிள்ளைகளைக் கண்டிக்க வேறு பாடம் வேண்டியிருக்கவில்லை. அரசாங்கம் 1985இல் அதைக் கையகப்படுத்தியது. 1990இல் டிராகன் வோர்ல்டு என்று பெயர் சேர்த்து, படகுச் சவாரி, திரையரங்கு எல்லாம் வைத்து நுழைவுக் கட்டணம் போட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் காசு கொடுத்து வரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள், வெளியூர்க்காரர்களும் போதவில்லை. கட்டணத்தைப் பின்னர் நீக்கவேண்டி வந்தது. ஜூரோங்கில் 1992இல் திறந்த டாங் வம்ச நகரமும் அப்படித்தான். பழைய சீனத் தலைநகர் மாதிரி கோட்டைச் சுவரெல்லாம் எழுப்பிப் பயணிகளை எதிர்பார்த்தார்கள். 1999இல் மூடியாயிற்று. இந்த ஊர்க்காரர்கள் அங்கே போவதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

இப்போது அரசாங்கத்தின் பங்கு. சுற்றுலாவுக்கென்று தனிக் கழகம் 1964 ஜனவரியில் தொடங்கியது. அந்த ஆண்டு வந்தவர்கள் சுமார் 91,000 பேர். 2019இல் 19.1 மில்லியன். கழகத்துக்குச் சின்னமாக மெர்லயனை வரைந்தவர் ஃபிரேசர் புரூனர். அவருடைய வேலை ஃபோர்ட் கேனிங் அடிவாரத்தில் இருந்த வான் கிளீஃப் மீன்காட்சிசாலையைக் கவனிப்பது. 1955இல் திறந்த அந்தக் காட்சிசாலை 1996இல் மூடப்பட்டுவிட்டது, அவர் வரைந்த மீன்வால் சிங்கம்தான் 1972இலிருந்து ஆற்றுமுகத்தில் தண்ணீர் துப்பிக்கொண்டிருக்கிறது.

மரம் நடும் இயக்கம் சுற்றுலாக் கழகத்தைவிட அரையாண்டு மூத்தது. 1963 ஜூன் 16இல் ஃபேரர் சர்க்கஸில் திரு லீ ஒரு மெம்பாட் மரத்தை நட்டார். 1967இல் பூந்தோட்ட நகரம் என்ற கொள்கை வந்தது. முதலீட்டாளர் விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு வரும் வழியிலேயே இந்த நாடு ஒழுங்காக நடக்கிறது என்று புரிந்துகொள்ளவேண்டும் என்பது அவர் எண்ணம். சாலையோர மழைமரங்களுக்கு வேலை கண்காட்சி இல்லை, நம்பிக்கை ஊட்டுவது. பயணி அதன் பலனை இலவசமாக அனுபவிக்கிறார்.

செந்தோசாவின் பெயர் 1970 வரை புலாவ் பிளாக்கங் மாத்தி, அதற்கு முன்பு பிரிட்டிஷ் ராணுவத் தீவாக இருந்தது. சிலோசோ கோட்டையின் பீரங்கிகள் துறைமுகத்தைக் காவல் காத்தவை. 1972இல் வளர்ச்சிக் கழகம் அமைத்து, 1974இல் கேபிள் கார் ஓடவிட்டார்கள். எழுபது, எண்பதுகளில் மெழுகுச்சிலைகள், இசை நீரூற்று, மோனோரயில் என்று ஒவ்வொன்றாக வந்தன. அவற்றில் பல இப்போது இல்லை. இங்கே கடற்கரையும் கேபிள் காரும் கோட்டையும்தான் நின்றன, இடையில் வைத்த வேடிக்கைகள் பத்து, பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கின்றன.

விதிவிலக்கு உண்டு என்றேனே, விலங்கியல் தோட்டம் அதில் சேருமா என்று பலர் கேட்பார்கள். பொதுப் பயனீட்டுக் கழகத் தலைவராக இருந்த ஓங் ஸ்வீ லாவுக்கு, நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சும்மா கிடக்கும் நிலத்தில் மக்கள் பொழுதுபோக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. மண்டாயில் 1973 ஜூன் 27இல் திறந்தார்கள். கூண்டு போடாமல் அகழியும் தண்ணீரும் வைத்து விலங்குகளைப் பிரித்தது அப்போது இந்தப் பக்கத்தில் புதுமை. ஆ மெங் என்ற ஓராங் ஊத்தானோடு காலை உணவு சாப்பிட உலகம் முழுவதிலுமிருந்து வந்தார்கள். 2008இல் அது இறந்தபோது ஊரே துக்கம் கொண்டாடியது. 1994இல் வந்த நைட் சஃபாரி முழுக்க முழுக்கப் பயணியை நினைத்துப் போட்ட திட்டம், வென்றுவிட்டது. ஜூரோங் பறவைப் பூங்காவுக்குக் காரணம் அன்றைய அமைச்சர் டாக்டர் கோ கெங் ஸ்வீ. தொழிற்பேட்டையில் குடியேறும் குடும்பங்களுக்கு வார இறுதியில் போக ஓர் இடம் வேண்டும் என்று 1971இல் திறந்தார். 2023 ஜனவரியில் மூடி, பறவைகளை மண்டாய்க்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜூரோங்வாசிகளுக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

1983 ஒரு திருப்பம். அந்த ஆண்டு பயணிகள் எண்ணிக்கை சரிந்தது. ஏன் என்று ஆராய்ந்த பணிக்குழு, பழைய கட்டடங்களை இடித்து இடித்து ஊருக்கென்று இருந்த முகத்தையே அழித்துவிட்டோம் என்ற பொருளில் சொன்னது. எழுபதுகளில் கம்பம் என்ற பழைய கிராமங்களையும் கடைவீட்டையும் இடிக்காதீர்கள் என்று உள்ளூர் ஆட்கள் சொன்னபோது எடுபடாத வாதம், ஹோட்டல் அறைகள் காலியானதும் எடுபட்டது. 1989 ஜூலையில் சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா மூன்றும் பாதுகாப்புப் பகுதிகள் ஆயின. சிராங்கூன் சாலைக் கடைவீடுகள் இன்று வண்ணம் பூசி நிற்பதற்கு அந்தச் சரிவுக்கும் பங்குண்டு.

காட்டைக் காத்த கதை வேறு மாதிரி, அதில் உள்ளூர் மக்களின் கை ஓங்கியிருக்கிறது. 1986இல் பறவை பார்ப்பவர்கள் சிலர் சுங்கை பூலோவில் கைவிடப்பட்ட இறால் குட்டைகளில் கூட்டங்கூட்டமாக நாரைகளும் உள்ளான்களும் இறங்குவதைக் கண்டார்கள். இயற்கைச் சங்கம் அரசுக்கு எழுதியது. 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள், 2002இல் வனப்பகுதி ஆனது. அங்கே வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? இறால் பண்ணைக்காரர்கள் விட்டுப்போன மதகுகளையே பயன்படுத்துகிறார்கள். சைபீரியாவிலிருந்து பறவைகள் வரும் மாதங்களில் தண்ணீரை வடித்துச் சேற்றை வெளியே காட்டுவார்கள், இரை தெரிந்தால்தானே பறவை இறங்கும். முதலையும் உண்டு, நிஜமான உவர்நீர் முதலை. சிங்கப்பூரில் எல்லாமே செயற்கை என்ற நண்பரை அங்கே கூட்டிப்போங்கள்.

1992இல் லோயர் பியர்ஸ் காட்டில் கோல்ஃப் திடல் போடும் திட்டம் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2001 டிசம்பரில் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையை மண் கொட்டித் தூர்க்கும் வேலையும் அப்படித்தான் ஒத்திப்போடப்பட்டது. மண் விழுமுன் ஒருதடவை பார்த்துவிடலாம் என்று கடல் வற்றும் நேரங்களில் மக்கள் திரண்டு போனார்கள், அந்தக் கூட்டமே கரையைக் காப்பாற்றியதில் ஒரு பங்கு என்பேன். 2007இல் பலகை நடைபாதை போட்டார்கள், வரும் கால்கள் சேற்றில் இருக்கும் உயிர்களை மிதித்துவிடக்கூடாதே!

கூட்டம் காப்பாற்றவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். புக்கிட் தீமாவில் ஓயாத நடையால் மண் அரித்து வேர்கள் வெளியே வந்தன. 2014 செப்டம்பரிலிருந்து 2016 அக்டோபர் வரை பாதைகளைச் செப்பனிட்டார்கள். அதற்கு முன்பே, 1980களில் போட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாகப் பிளந்துவிட்டிருந்தது. 2013இல் சாலைக்கு மேல் விலங்குகளுக்கென்று மரம் நட்ட பாலம் கட்டினார்கள், மனிதர் போக அனுமதியில்லை. மெக்ரிட்சியில் 2004இல் வந்த 250 மீட்டர் தொங்குபாலத்தில் ஒருவழிப்பாதைதான், திரும்ப முடியாது. காட்டைச் சுற்றி வின்சர், செஸ்நட், தாம்சன், ரைஃபிள் ரேஞ்ச் என்று இயற்கைப் பூங்காக்களை வரிசையாகத் திறந்துவருகிறது தேசியப் பூங்காக் கழகம். நடுக்காட்டுக்குள் போகிற கூட்டத்தை ஓரத்திலேயே பிடித்து நிறுத்தும் உத்தி அது. என் கணிப்பில், இந்த ஊர் பூங்காச் சுற்றுலாவில் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் இதுதான். விளம்பரம் மட்டும் சூப்பர்ட்ரீ என்ற செயற்கை மரக் கோபுரங்களுக்குப் போகிறது.

சூப்பர்ட்ரீ என்றதும் அவை நிற்கிற கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை தி பே). கடலைத் தூர்த்த நிலம், 101 ஹெக்டர், 2012இல் திறந்தது. உண்மையிலேயே பயணியையும் மனத்தில் வைத்துக் கட்டி, வெற்றி கண்ட இடம். என் வாதத்துக்கு இது இடறல்தான். இருந்தாலும் கவனியுங்கள்: கண்ணாடிக் கூடங்கள் போன்ற சிலவற்றுக்குத்தான் கட்டணம், வெளித்தோட்டம் எல்லாருக்கும் சும்மா. மாலையில் அங்கே புல்லில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரிக்கிற குடும்பங்களைப் பார்க்கலாம். ஹாவ் பார் வில்லாவில் செய்த தவற்றை இங்கே செய்யவில்லை. அங்கே இந்தியத் தோட்டம் என்று ஒரு பகுதி உண்டு, கோல வடிவத்தில் அமைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் காட்டுங்கள்.

தமிழர்கள் என்பதற்காகவே போகவேண்டிய இடங்கள் சில, சுற்றுலாக் கையேடுகளில் பின்பக்கத்தில் கிடப்பவை. செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874இலிருந்து தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் இருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மேல்தளத்தில் (டெக்) பயணம் செய்து வந்தவர்களை முதலில் அங்கே இறக்கி, அம்மை, காலரா இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஊருக்குள் விட்டார்கள். ரஜூலா கப்பலில் வந்த பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள், சிங்கப்பூரில் முதலில் கால்வைத்த இடம் அந்தத் தீவுதான் என்பார்கள். பிறகு அரசியல் கைதிகளைக் காவலில் வைத்தார்கள். 1975இல் விடுமுறைத் தீவாக்கினார்கள், இப்போது பிள்ளைகள் நீந்துகிறார்கள். எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவத்தின் நினைவிடம் இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது. 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டினார், திரும்பிவந்த பிரிட்டிஷார் சில வாரங்களில் தகர்த்துவிட்டார்கள், 1995இல் பலகை வைத்தார்கள். கிராஞ்சி போர் நினைவகத்தின் சுவர்களில் கல்லறை இல்லாமல் போன 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். அதில் இந்தியப் படையினர் ஏராளம். எரியூட்டப்பட்டவர்களுக்கென்று தனி நினைவுச் சின்னமும் உண்டு. குழுவோடு போனால் அங்கே நான் அதிகம் பேசுவதில்லை. பெயர்களைத் தடவிப் படிக்க நேரம் விட்டுவிடுவேன்.

தீபாவளிக்கு உங்கள் பெற்றோர் இங்கே இருந்தால் அதிபர் மாளிகையான இஸ்தானாவை விடவேண்டாம். தீபாவளியை ஒட்டி ஒருநாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்த நிலம் அது, மாளிகையை 1867 முதல் 1869 வரை கட்டியவர்கள் இந்தியக் கைதிகள்.

பூமலைக்கு அழைத்துப் போகும்போது ஒரு விஷயம். பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டியில் இறங்கினால் புக்கிட் தீமா வாசல், அங்கிருந்து ஆர்க்கிட் தோட்டம் வரை நல்ல நடை. முழங்கால் வலி உள்ளவர்கள் என்றால் நேப்பியர் நிலையத்தில் இறங்கித் தங்லின் வாசல் வழியாகப் போங்கள். அன்னக்குளம், ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரம், பேண்டு மேடை மூன்றும் அந்தப் பக்கம்தான். செடிக்கூடத்தின் பக்கம் செங்கல் படிக்கட்டு ஒன்று வரும். போர்க்கைதிகளாக இருந்த ஆஸ்திரேலியர்கள் ஜப்பானியர் காலத்தில் அறுத்த செங்கல், சிலவற்றில் அம்புக்குறி பதித்திருப்பதைக் குனிந்து பார்த்தால் தெரியும். அதிகாலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள், வெயில் ஏறுவதற்குள் போவது நல்லது. தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் சீட்டு, வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல்.

உபினுக்கு என்றால் சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் பம்போட் கிளம்பும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். செயின்ட் ஜான்ஸுக்கு மரினா சவுத் படகுத்துறை. தீவில் கடை எதுவும் இருக்கும் என்று நம்பிப் போகாமல் சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள். மெக்ரிட்சியில் மட்டும் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், பை என்றாலே தீனி என்று குரங்குகளுக்கு மனிதர்கள்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பிடித்து இழுத்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். பாவம் என்று அம்மா ஒரு வாழைப்பழத்தை நீட்டினால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் போட சட்டத்தில் இடமிருக்கிறது.